செகண்ட் ஹேண்ட் எஸ்யுவி வாங்கலாமா? ஜிஎஸ்டி குறைப்புக்குப் பிறகு மாறியிருக்கும் கணக்கு

"பத்து பதினோரு லட்சத்துக்குப் புதுசா ஒரு சின்ன வண்டி எடுக்கலாமா, இல்ல அதே காசுக்கு நாலு வருஷம் ஓடின பெரிய எஸ்யுவி எடுக்கலாமா?"

முதல் கார் வாங்கப்போகும் வீடுகளிலும், ஹேட்ச்பேக்கை மாற்ற நினைக்கும் வீடுகளிலும் இப்போது அதிகம் ஓடும் விவாதம் இதுதான். ஹூண்டாய் க்ரெட்டா, கியா செல்டோஸ், ஸ்கோடா குஷாக், மாருதி கிராண்ட் விட்டாரா போன்ற நடுத்தர எஸ்யுவிகளில் ஓரளவு வசதியான வேரியன்ட்டைப் புதிதாக எடுத்தால் ஆன்-ரோடு விலை 15 லட்சத்தைத் தாண்டிவிடுகிறது. அதே வண்டி 10 லட்சத்துக்குப் பழைய கார் சந்தையில் நிற்கும்போது ஆசை வருவது இயல்பு.

ஆனால் 2025 செப்டம்பருக்கு முன்பு போட்ட கணக்கு இப்போது அப்படியே பொருந்தாது. வரி மாறியிருக்கிறது, பெட்ரோல் மாறியிருக்கிறது, பெயர் மாற்ற விதிகளும் இறுகியிருக்கின்றன. என்ன மாறியது, யாருக்குப் பழைய எஸ்யுவி லாபம், யாருக்கு நஷ்டம்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

வரியில் என்ன மாறியது?

2025 செப்டம்பர் 3 அன்று கூடிய 56-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டம் கார்களுக்கான வரியை மாற்றியமைத்தது. செப்டம்பர் 22 முதல் புதிய விகிதம் அமலுக்கு வந்தது.

4 மீட்டருக்குள் நீளம் உள்ள கார்களுக்கு, பெட்ரோல் என்றால் 1,200 சிசி, டீசல் என்றால் 1,500 சிசி வரை 18 சதவீத ஜிஎஸ்டி மட்டுமே. முன்பு 28 சதவீத ஜிஎஸ்டியும் அதற்கு மேல் 1 அல்லது 3 சதவீத செஸ்ஸும் இருந்தன. இதைவிடப் பெரிய கார்களுக்கு செஸ் நீக்கப்பட்டு, ஒரே விகிதமாக 40 சதவீதம் வந்துவிட்டது. முன்பு 1,500 சிசிக்கு உட்பட்ட நடுத்தர கார்களுக்கு மொத்தம் 45 சதவீதமும், அதற்கு மேல் சிசி உள்ள பெரிய எஸ்யுவிகளுக்கு 50 சதவீதமும் இருந்தது.

இது விலையில் எவ்வளவு தெரியும்? வரிக்கு முந்தைய விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சின்ன பெட்ரோல் எஸ்யுவி 129 ரூபாயில் இருந்து 118-க்கு இறங்கியது. சுமார் எட்டரை சதவீதக் குறைவு. 1.5 லிட்டர் நடுத்தர எஸ்யுவி 145-ல் இருந்து 140-க்கு வந்தது. இது மூன்றரை சதவீதம்தான். 2 லிட்டருக்கு மேல் உள்ள பெரிய எஸ்யுவியில் 150 என்பது 140 ஆனது. ஆறரை சதவீதத்துக்குச் சற்று அதிகம்.

பழைய கார் வாங்குபவர் இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பழைய வண்டியின் விலைக்கு உச்ச வரம்பு, அதே வண்டியின் இன்றைய புது விலைதான். விற்பவர் தான் 2022-ல் கொடுத்த தொகையை மனதில் வைத்துத்தான் பேசுவார். "அப்பவே 16 லட்சம் ஆச்சு சார்" என்பார். அது அவருடைய கணக்கு. வாங்குபவரின் கணக்கு இன்றைய எக்ஸ்-ஷோரூம் விலையில் இருந்து தொடங்க வேண்டும்.

தமிழ்நாட்டில் இன்னொரு வரியும் இருக்கிறதே?

ஆமாம், வாழ்நாள் வரி. 2023 நவம்பரில் தமிழக அரசு இதை உயர்த்தியது. புதிய காரின் விலை 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம். உயர்வுக்கு முன்பு 10 லட்சம் வரை 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம்தான்.

14 லட்ச ரூபாய் எஸ்யுவிக்கு இன்று வாழ்நாள் வரி மட்டும் 2 லட்சத்து 52 ஆயிரம். தமிழ்நாட்டில் பதிவான பழைய வண்டியை வாங்கினால் இந்த வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. முதல் உரிமையாளர் கட்டியது வண்டியோடு சேர்ந்தே வருகிறது.

ஆக, ஜிஎஸ்டி குறைப்பு புது வண்டிக்குச் சாதகம். வாழ்நாள் வரி பழைய வண்டிக்குச் சாதகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை நிலவரம் தெரியும்.

ஐந்து வருடக் கணக்கு என்ன சொல்கிறது?

ஒரு உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கையில் 4 லட்சம், மீதி ஐந்து வருடக் கடன். புது வண்டிக்கு 9 சதவீதம், பழைய வண்டிக்கு 13 சதவீத வட்டி என்று வைத்துக்கொள்வோம். பழைய கார் கடனுக்கு வட்டி கூடுதலாக இருப்பதுதான் வழக்கம். ஐந்து வருடம் ஓட்டிவிட்டு விற்பதாகவும் வைப்போம். கீழே உள்ள மறுவிற்பனை விலை, செலவு எல்லாம் உதாரணத்துக்கான அனுமானங்கள்தான். உங்கள் எண்களைப் போட்டு மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வழி, புது நடுத்தர எஸ்யுவி: எக்ஸ்-ஷோரூம் 14 லட்சம். வாழ்நாள் வரி 2.52 லட்சம், இன்சூரன்ஸ், பதிவுச் செலவு 60 ஆயிரம். மொத்தம் 17.12 லட்சம். ஐந்து வருடம் கழித்து 8 லட்சத்துக்கு விற்றால் தேய்மானம் 9.12 லட்சம். கடன் வட்டி சுமார் 3.22 லட்சம். ஆக மொத்தச் செலவு 12.34 லட்சம். மாதத் தவணை 27 ஆயிரத்துக்கு மேல்.

இரண்டாவது வழி, நான்கு வருடம் ஓடிய அதே ரக எஸ்யுவி: விலை 10 லட்சம். பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், வாங்கியவுடன் செய்யும் வேலைகள் 80 ஆயிரம். ஐந்து வருடம் கழித்து, வண்டிக்கு ஒன்பது வயதாகும்போது, 4.5 லட்சம் கிடைத்தால் இழப்பு 6.3 லட்சம். டயர், பேட்டரி, சஸ்பென்ஷன், கிளட்ச் என்று புது வண்டியைவிடக் கூடுதலாக ஆகும் பராமரிப்பு 1.5 லட்சம். கடன் வட்டி சுமார் 2.48 லட்சம். மொத்தம் 10.28 லட்சம். தவணை 15,500 ரூபாய்க்குப் பக்கம்.

மூன்றாவது வழி, 4 மீட்டருக்குள் உள்ள புது காம்பாக்ட் எஸ்யுவி: எக்ஸ்-ஷோரூம் 9.5 லட்சம். 13 சதவீத வாழ்நாள் வரியும் மற்றவையும் சேர்த்து 11.19 லட்சம். ஐந்து வருடம் கழித்து 5.5 லட்சத்துக்கு விற்றால் இழப்பு 5.69 லட்சம். வட்டி சுமார் 1.77 லட்சம். மொத்தம் 7.46 லட்சம். தவணை 15 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

மூன்றுக்கும் பொதுவான பெட்ரோல், வழக்கமான சர்வீஸ், வருடாந்திர இன்சூரன்ஸ் இதில் சேர்க்கப்படவில்லை.

இப்போது கவனியுங்கள். வாங்கும் நாளில் புது எஸ்யுவிக்கும் பழைய எஸ்யுவிக்கும் 6 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் தெரிந்தது. ஐந்து வருட முடிவில் அது 2 லட்சமாகச் சுருங்கிவிட்டது. காரணம் மறுவிற்பனை விலையும் பராமரிப்பும். இன்னொரு பக்கம், தவணை ஏறக்குறைய ஒன்றாக இருந்தாலும் பழைய எஸ்யுவியைவிடப் புது காம்பாக்ட் வண்டி 2.8 லட்சம் மிச்சம் தருகிறது.

இதே கணக்கில் பழைய வண்டியை 10-க்குப் பதில் 9 லட்சத்துக்குப் பேசி முடித்தால், வட்டியோடு சேர்த்து சுமார் 1.36 லட்சம் குறையும். பழைய வண்டியில் லாபம் எல்லாம் வாங்கும் விலையில்தான் இருக்கிறது. அங்கே கோட்டைவிட்டால் பிறகு பிடிக்க முடியாது.

அப்படியானால் பழைய எஸ்யுவி யாருக்குத்தான் செட் ஆகும்?

இடம் தேவைப்படுபவர்களுக்கு. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள் என்று ஐந்தாறு மணி நேரப் பயணம் அடிக்கடி போகிற குடும்பம் என்றால் காம்பாக்ட் எஸ்யுவியின் பின் சீட் நெருக்கடிதான். க்ரெட்டா ரக வண்டி சுமார் 4.3 மீட்டர் நீளம். பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் தோள் இடிக்காமல் உட்காரவும், டிக்கியில் நான்கு நாள் லக்கேஜ் வைக்கவும் அந்த நீளமும் அகலமும் உதவுகின்றன. இந்தத் தேவை நிஜமாகவே இருந்தால், 2.8 லட்சம் கூடுதல் செலவுக்கு அர்த்தம் உண்டு.

வாரத்தில் ஐந்து நாள் ஒருவர் மட்டும் ஆபீஸ் போய்வர, வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போக என்றால் அந்த இடத்துக்குக் கொடுக்கும் காசு வீண். "ரோடு பிரசன்ஸ்" பிடித்திருக்கிறது என்பது தப்பில்லை. ஆனால் அதற்கான விலை என்ன என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

கடன் இல்லாமல், அல்லது சிறு கடனோடு வாங்குபவர்களுக்கும் பழைய வண்டி பொருந்தும். மேலே சொன்ன 2.48 லட்ச வட்டி அவர்களுக்கு இல்லை.

பெட்ரோலா, டீசலா?

பழைய டீசல் எஸ்யுவி வாங்கும்போது மைலேஜை மட்டும் பார்க்கக் கூடாது. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 கட்டாயமானபோது டீசல் கார்களின் புகைக்குழாய்ப் பாதையில் டிபிஎஃப் எனப்படும் கரி வடிகட்டி இடம்பிடித்தது. அதில் சேரும் கரி அவ்வப்போது சூடேறி எரிந்து சுத்தமாக வேண்டும். நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது அது தானாக நடந்துவிடும். தினமும் 4 கிலோமீட்டர் டிராஃபிக்கில் ஊர்ந்து போய் நிற்கும் வண்டியில் அது முழுமையடையாமல் வடிகட்டி அடைத்துக்கொள்ளும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும், இழுவை குறையும். மாற்ற வேண்டிய நிலை வந்தால் செலவு பெரியது.

செலவுக் கணக்கு இப்படி: மாதம் 800 கிலோமீட்டர் ஓடினால் வருடத்துக்கு 9,600. பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கிலோமீட்டர் தந்தால் 800 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 80 ஆயிரம். டீசல் வண்டி 16 தந்தால் 600 லிட்டர். லிட்டர் 92 என்றால் 55,200. வருட மிச்சம் 24,800 ரூபாய். டீசல் வண்டிக்கு ஒன்றரை லட்சம் கூடுதலாகக் கொடுத்தால் அதை எடுக்கவே ஆறு வருடம் ஆகும். மாதம் 1,500 கிலோமீட்டருக்கு மேல், அதுவும் பெரும்பாலும் ஹைவேயில் ஓடுபவருக்கே டீசல் கட்டுப்படியாகும்.

"டெல்லி வண்டி, டீசல், பாதி விலை" என்று வரும் ஆஃபர்களுக்கும் பின்னணி உண்டு. தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் 2015 உத்தரவும், 2018-ல் அதை உறுதி செய்த உச்ச நீதிமன்றமும் டெல்லி வட்டாரத்தில் 10 வயதைத் தாண்டிய டீசல், 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டிகளுக்குத் தடை விதித்தன. 2025-ல் நடவடிக்கைகளுக்கு நீதிமன்றம் நிவாரணம் அளித்தாலும் அந்த வட்டாரத்து வயதான டீசல் வண்டிகள் மற்ற மாநிலங்களுக்கு மலிவாக வந்துகொண்டேதான் இருக்கின்றன. இங்கே கொண்டுவந்தால் அந்த மாநில ஆர்டிஓவின் என்ஓசி வேண்டும், தமிழ்நாட்டில் வண்டியின் வயதுக்கேற்ப வரி கட்டி மறுபதிவு செய்ய வேண்டும். இதையெல்லாம் கூட்டிய பிறகும் மலிவாக இருக்கிறதா என்று பாருங்கள். புதுச்சேரி பதிவெண் வண்டிகளுக்கும் இதே கணக்குதான். 12 மாதங்களுக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டியை அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு.

இ20 பெட்ரோல் பழைய வண்டிக்குப் பிரச்சினையா?

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இப்போது பங்குகளில் பரவலாகக் கிடைக்கிறது. 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான வண்டிகள் பொதுவாக இதற்கு ஏற்ற பாகங்களோடு வருகின்றன. அதற்கு முந்தைய வண்டிகளில் மைலேஜ் குறையும் என்பதை மத்திய பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் ஒப்புக்கொண்டது. இ10-க்காக வடிவமைத்து இ20-க்கு ஏற்பச் சரிசெய்யப்பட்ட கார்களில் 1 முதல் 2 சதவீதம், மற்றவற்றில் 3 முதல் 6 சதவீதம் வரை குறையலாம் என்றது. சில பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களையும் கேஸ்கெட்களையும் முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கலாம் என்றும் சொன்னது.

எனவே 2021, 2022 மாடல் பெட்ரோல் எஸ்யுவியைப் பார்க்கிறீர்கள் என்றால் பெட்ரோல் டேங்க் மூடியின் உள்பக்க ஸ்டிக்கரையும் ஓனர் மேனுவலையும் படியுங்கள். இ10 என்று மட்டும் இருந்தால் வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. விலை பேச அது ஒரு காரணம்.

எந்த வருட மாடல் நல்லது?

மூன்று முதல் ஐந்து வயது வண்டி நடுநிலையானது. முதல் சில வருடங்களின் பெரிய விலை இறக்கம் முடிந்திருக்கும்; பெரிய பாகங்கள் தேயும் காலம் இன்னும் வந்திருக்காது.

பாதுகாப்பிலும் வருடம் முக்கியம். முன் சீட் இரண்டுக்கும் ஏர்பேக் என்பது ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2021 டிசம்பர் 31-ல் இருந்துதான் கட்டாயமானது. குளோபல் என்கேப் சோதனையில் இரண்டு ஏர்பேக் கொண்ட செல்டோஸ் 2020-லும், க்ரெட்டா 2022-லும் பெரியவர்கள் பாதுகாப்பில் 3 நட்சத்திரம் பெற்றன. குஷாக், டைகுன் இரண்டும் 2022-ல் 5 நட்சத்திரம் பெற்றன. க்ரெட்டாவிலும் செல்டோஸிலும் எல்லா வேரியன்ட்டுக்கும் 6 ஏர்பேக் என்ற நிலை பிறகுதான் வந்தது.

அதனால் "சன்ரூஃப் இருக்கா?" என்று கேட்பதற்கு முன் "எத்தனை ஏர்பேக், இஎஸ்சி இருக்கா?" என்று கேளுங்கள். ஒரே வருடத்தின் இரண்டு வேரியன்ட்களில் இது மாறும். சன்ரூஃபைவிட இந்த இரண்டும்தான் குடும்பத்துக்கு முக்கியம்.

வண்டியைப் பார்க்கும்போது எதைப் பார்ப்பது?

"சிங்கிள் ஓனர், டாக்டர் வச்சிருந்த வண்டி, ஷெட்லயே நின்னது." பழைய கார் சந்தையில் இந்த வசனம் கேட்காத நாள் இல்லை. வசனத்தை விட்டுவிட்டு வண்டியைப் பார்ப்போம்.

கிலோமீட்டர்: ஓடோமீட்டரை மட்டும் நம்ப வேண்டாம். பதிவு எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். விற்பவரின் சம்மதத்தோடு வாங்கலாம். ஒவ்வொரு சர்வீஸிலும் எழுதிய கிலோமீட்டர் சீராக ஏறியிருக்க வேண்டும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2321 என்றால் 2021-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. 20 ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்லும் வண்டியில் நான்கு டயரும் புதிதாக மாறியிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பர், ஸ்டீயரிங் உறை, டிரைவர் சீட்டின் ஓரம் ஆகியவையும் வயதைக் காட்டிக்கொடுக்கும்.

விபத்து: பானெட், டிக்கி, கதவு ஆகியவற்றின் போல்ட்களில் ஸ்பேனர் பட்ட கீறல் இருக்கிறதா? கதவு இடைவெளிகள் இரண்டு பக்கமும் ஒரே அளவா? கண்ணாடிகளில் அச்சிட்ட வருடம் வண்டியின் வருடத்தோடு பொருந்துகிறதா? ஒரு பம்பர் பெயின்ட் அடித்திருந்தால் பயப்பட வேண்டாம், ஊரில் ஓடும் வண்டிதானே. தூண், சேஸிஸ், முன்பக்கச் சட்டம் ஆகியவற்றில் வெல்டிங், டிங்கரிங் அடையாளம் இருந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள்.

வெள்ளம்: 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னையிலும், அதே மாதம் தென் மாவட்டங்களிலும் ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் சில சுத்தம் செய்யப்பட்டு மறுபடி சந்தைக்கு வந்திருக்கலாம். சீட் பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை தெரியும். ஸ்டெப்னி வைக்கும் குழி, சீட் தண்டவாளம், கார்ப்பெட்டுக்கு அடியில் துரு, ஈர வாடை இருக்கிறதா? ஹெட்லைட்டுக்குள் நீர்ப்படலம் உண்டா? மூழ்கிய வண்டியில் வயரிங் கோளாறு மாதக் கணக்கில் தலைவலி தரும்.

ஓட்டிப் பார்ப்பது: காலையில் முதல் ஸ்டார்ட் நீங்கள் போக வேண்டும் என்று சொல்லுங்கள். ஏற்கெனவே சூடாக இருக்கும் இன்ஜின் பல குறைகளை மறைக்கும். ஆட்டோமேட்டிக் என்றால் டிராஃபிக்கில் ஊர்ந்து பாருங்கள். டூயல் கிளட்ச் கியர்பாக்ஸில் முதல், இரண்டாம் கியர் மாறும்போது உதறல், இழுவையில் தயக்கம் இருந்தால் ஸ்பெஷலிஸ்ட் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம். அந்த ரிப்பேர் லட்சத்தில் போகலாம். ஸ்பீடு பிரேக்கரில் கடகட சத்தம், பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுக்கம், ஏசி குளிர் ஆகியவற்றையும் கவனியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் காசு கொடுத்து ஓபிடி ஸ்கேன் செய்து, லிஃப்டில் ஏற்றி அடியில் பார்க்கச் சொல்லுங்கள். சில ஆயிரம் ரூபாய் செலவு, 10 லட்சத்துக்குக் காவல். இதற்கு மறுக்கும் விற்பனையாளரிடம் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பேப்பரில் எதைச் சரிபார்க்க வேண்டும்?

எம்பரிவாஹன் செயலியிலோ பரிவாஹன் தளத்திலோ வண்டி எண்ணைப் போட்டால் எத்தனையாவது உரிமையாளர், கடன் பாக்கி, இன்சூரன்ஸ், புகைச் சான்று நிலவரம் தெரியும். நிலுவையில் உள்ள இ-சலான்களையும் பாருங்கள். ஆர்சியில் வங்கியின் பெயர் ஹெச்பி என்று இருந்தால், வங்கியின் என்ஓசியும் 35-ம் படிவமும் கைக்கு வந்து, ஹெச்பி நீக்கப்படும் வரை முழுத் தொகையைக் கொடுக்க வேண்டாம்.

பெயர் மாற்றத்துக்கு 29, 30 ஆகிய படிவங்கள். "கையெழுத்து போட்டு வாங்கி வச்சுக்கோங்க, அப்புறம் மாத்திக்கலாம்" என்று சில புரோக்கர்கள் சொல்வார்கள். இது இரு பக்கமும் ஆபத்து. வண்டி பல கை மாறியிருந்தாலும், ஆர்டிஓ பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் பல கை மாறிய பழைய வண்டிதான். விசாரணை முதலில் போய் நின்றது முன்னாள் உரிமையாளரின் வீட்டு வாசலில். டீலரிடம் வாங்குவதாக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி பழைய வாகன டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற்றிருக்க வேண்டும். அதைக் கேட்டுப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

இன்சூரன்ஸையும் 14 நாட்களுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். மாற்றாமல் விட்டால், உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான க்ளெய்ம் நிராகரிக்கப்படலாம். விற்பவர் சேர்த்து வைத்த நோ கிளெய்ம் போனஸ் அவருக்கே சொந்தம், வண்டியோடு வராது. அதற்கான வித்தியாசத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும். 1,500 சிசியைத் தாண்டினால் தேர்ட் பார்ட்டி பிரீமியமும் இரட்டிப்புக்கு மேல். 2022 ஜூன் முதல் அமலுக்கு வந்த விகிதப்படி 1,000 முதல் 1,500 சிசி வரை வருடத்துக்கு 3,416 ரூபாய். அதற்கு மேல் 7,897 ரூபாய்.

பழைய காருக்கு 18 சதவீத ஜிஎஸ்டியா?

2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் நடந்த 55-வது ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்துக்குப் பிறகு சமூக வலைதளங்களில் பரவிய குழப்பம் இது. வரி, ஜிஎஸ்டி பதிவு பெற்ற வியாபாரியின் லாபத்துக்கு மட்டும்தான். 9 லட்சத்துக்கு வாங்கி 10 லட்சத்துக்கு விற்றால், இடையில் உள்ள 1 லட்சத்துக்கே வரி. "10 லட்சத்துக்கு மேல 18 சதவீதம் தனி" என்று யாராவது சொன்னால் அது தவறு. தனிநபர் இன்னொரு தனிநபருக்கு விற்கும்போது ஜிஎஸ்டியே கிடையாது.

தனிநபரிடம் வாங்கினால் விலை குறைவாக இருக்கும், உத்தரவாதம் இருக்காது. டீலரிடமோ ஆன்லைன் நிறுவனத்திடமோ வாங்கினால் விலை கூடும், சில மாத வாரன்ட்டி கிடைக்கும். அந்த வாரன்ட்டியில் கியர்பாக்ஸ், ஏசி, எலெக்ட்ரானிக் பாகங்கள் அடங்குமா என்பதை எழுத்தில் பார்த்த பிறகே கூடுதல் விலை கொடுங்கள்.

சரி, முடிவெடுப்பது எப்படி?

மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று: பின் சீட்டில் மூன்று பெரியவர்கள் மாதத்துக்கு எத்தனை முறை உட்காரப் போகிறார்கள்? அபூர்வம் என்றால் புது காம்பாக்ட் வண்டி பக்கம் போகலாம். வரி குறைந்த பலன் அங்கேதான் அதிகம்.

இரண்டு: அந்த வண்டியின் இன்றைய புது ஆன்-ரோடு விலைக்கும் கேட்கும் விலைக்கும் எவ்வளவு இடைவெளி? நான்கு வயது வண்டிக்கு இந்த இடைவெளி 35 சதவீதத்துக்குக் குறைவாக இருந்தால், மேலே போட்ட கணக்கில் பழைய வண்டியின் லாபத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும்.

மூன்று: வாங்கிய பிறகு 1 லட்சம் கையில் மிஞ்சுமா? பழைய எஸ்யுவிக்குச் சேமிப்பை முழுசாகக் கொட்டிவிட்டு, மூன்றாவது மாதம் டயருக்கும் கிளட்சுக்கும் பெர்சனல் லோன் எடுப்பதுதான் பலரைக் கடனில் தள்ளும் வழி.

மூன்றுக்கும் பதில் சாதகமாக இருந்து, சர்வீஸ் ரெக்கார்டும் பேப்பரும் சுத்தமாக இருந்தால், நான்கு வயது நடுத்தர பெட்ரோல் எஸ்யுவி குடும்பத்துக்கு நல்ல வாங்கல்தான். ஒன்று இடித்தாலும் அட்வான்ஸ் கொடுக்கும் முன் இரண்டு வாரம் தள்ளிப்போடுங்கள். "இன்னைக்கே இன்னொரு பார்ட்டி வராங்க" என்பார்கள். வரட்டும். அதே மாடலில், அதே வருடத்தில் இன்னொரு வண்டி நிச்சயம் விற்பனைக்கு வரும்.